வராத வரிக்கு வந்த வலி

அடி விழுந்த பிறகு அழுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அதில் என்ன பெருமை இருக்கிறது? கைக்குழந்தைகூட அதைச் செய்யும். இங்கே சொல்லப்போவது வேறோர் இனம். எதிராளி கையை ஓங்குமுன்பே, ஓங்கலாமா என்று அவன் நினைக்குமுன்பே, இன்னும் சொல்லப்போனால் எதிராளி யாரென்றே தெரியுமுன்பே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற இனம். 'முன்கூட்டியே பாதிக்கப்பட்டவர்கள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் இவர்கள் தெருவுக்கு இருவர். கிள்ளானில் வீட்டுக்கு ஒருவர்.

அடையாளம் காண்பது சுலபம். இவர்கள் தலைப்பைப் படிப்பார்கள், செய்தியைப் படிக்கமாட்டார்கள். 'அரசாங்கம் பரிசீலிக்கிறது' என்று அறிவிப்பாளர் சொன்னால், இவர்கள் காதில் 'நேற்றே அமலுக்கு வந்துவிட்டது' என்றுதான் விழும். பெட்ரோல் விலை ஏறலாம் என்று யாராவது தும்மினால் போதும், பெட்ரோல் நிலைய வரிசையில் முதல் கார் இவர்களுடையது. தண்ணீர் வெட்டு என்றால் வாளி, அண்டா, பிள்ளையின் மிதவைத் தொட்டி வரைக்கும் நிரப்பிவைத்துவிட்டு, கால் வைக்க இடமில்லாமல் குளியலறை வாசலிலேயே நிற்பார்கள். புகைமூட்டம் வருகிறதாம் என்றால் அந்த நிமிடமே இருமத் தொடங்குவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம்: "இனிமே நம்மளால முடியாதுலா."

இந்த இனத்தில் மாசு மருவில்லாத ஒரு மாதிரி வேண்டுமானால் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சுக்குப் போங்கள். அங்கே டோபி கடை வைத்திருக்கிறார் கமலநாதன்.

பெரிய கடை இல்லை. சில சலவை இயந்திரங்கள், அவற்றைவிடச் சத்தமான டிரையர்கள், இஸ்திரி போடக் கிருஷ்ணம்மாள், கல்லாவில் மனைவி குமுதா. தெருவாசிகளின் சட்டை, வேட்டி, பள்ளிச் சீருடை என்று சில்லறையாக எவ்வளவு வந்தாலும், கடையைத் தூக்கி நிறுத்தியிருந்தது இரண்டு தெரு தள்ளியிருந்த அப்துல் காதரின் சிறிய ஹோட்டல்தான். படுக்கை விரிப்பும் துண்டும் காலையில் மூட்டை மூட்டையாக வேனில் வரும். மாலைக்குள் வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். பல வருடப் பழக்கம். துணிப் போக்குவரத்துக்கும் மேலே ஒரு நட்பு இருந்தது. இருவரும் தினமும் ஒரே மாமாக் உணவுக் கடையில், ஒரே மேசையில் பசியாறுகிறவர்கள்.

அந்த மேசையில்தான் ஒருநாள் காலை இடி விழுந்தது.

"என்னமோ கார்பன் வரியாம்லா," என்றார் அப்துல் காதர், ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்தபடி, சுவரிலிருந்த தொலைக்காட்சியைப் பார்த்து.

கமலநாதனின் கை தே தாரிக் தேநீர்க் குவளையோடு அந்தரத்தில் நின்றது. "யாருக்கு வரி?"

"கரண்டு தயாரிக்கிறவனுக்கு. நெலக்கரி எரிக்கிறான்ல, அந்தப் புகைக்கு. பழைய பவர் ஸ்டேஷனை எல்லாம் மெதுவா மூடவும் போறாங்களாம்."

"அவனுக்கு வரின்னா அவன் சொந்தப் பாக்கெட்டுலேர்ந்தா குடுப்பான்? நம்ம பில்லுல போடுவான். என் கடையில சுத்துறது எல்லாமே கரண்டு. அப்போ யாருக்கு வரி? எனக்கு வரி!"

"இன்னும் யோசிக்கிறாங்கன்னுதான் சொல்றான்."

"அவங்க யோசிக்க ஆரம்பிச்சாலே முடிஞ்சிருச்சு காதர். இனிமே நம்மளால முடியாதுலா."

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கமலநாதன் சொன்னதில் பிழை இல்லை. மின்நிலையத்தின் தலையில் வைக்கிற பாரம் கம்பி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேரும் என்றுதான் பொருளாதாரம் படித்தவர்களும் சொல்கிறார்கள். எவ்வளவு வந்து சேரும், எப்போது சேரும், யாரைத் தாங்கிப் பிடிப்பார்கள், புகை குறைவதால் யாருக்கு என்ன மிச்சம் என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. கமலநாதனுக்கு இந்தச் சில்லறைக் கேள்விகளுக்கெல்லாம் நேரம் கிடையாது. இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். முழுப்பொய் சொல்லமாட்டார்கள். பாதி உண்மையை இறுகப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடுவார்கள்.

மதியத்துக்குள் கடை வாசலில் அறிவிப்பு தொங்கியது. 'மின்நிலையப் புகை வரி காரணமாகச் சலவைக் கட்டணம் உயர்த்தப்படுகிறது. வருந்துகிறோம்.' மூன்று மொழிகளில். 'வருந்துகிறோம்' மட்டும் பெரிய எழுத்தில்.

குமுதா கல்லாவிலிருந்து எழுந்துவந்து அதைப் படித்தாள். "சட்டம் வந்துருச்சா?"

"வரப்போகுது."

"வர்றப்போ ஏத்திக்கலாம்ல?"

"வந்தப்புறம் ஏத்துனா பேராசைக்காரன்னு சொல்லுவாங்க. வர்றதுக்கு முன்னாடி ஏத்துனா அதுக்குப் பேரு முன்யோசனை."

"புகை குறைஞ்சா நல்லதுதானேங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு எப்பப் பாரு இளைப்பு. அதாவது குறையும்."

"இளைப்பு குறையும். என் பொழப்பு?"

குமுதா கல்லாவுக்குத் திரும்பிப் போனாள். இந்த இனத்தைக் கட்டிக்கொண்டவர்களுக்கு, பதில் சொல்வது எவ்வளவு வீண் என்பது கல்யாணமான முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும்.

அத்தோடு விட்டிருந்தால் கதை இல்லை. வராத கரண்டு கட்டணத்தை வருமுன்பே மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கமலநாதன் டிரையர்களை நிறுத்தினார். மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அப்துல் காதரின் விரிப்புகளையெல்லாம் அங்கே காயப்போடச் சொன்னார். "வெயில் ஃப்ரீயா வருது. அதுக்கு இன்னும் வரி போடல," என்று மாடிப்படியில் நின்று முழங்கினார்.

வெயில் இலவசம்தான். ஆனால் கோலாலம்பூரில் அதற்கு ஒரு பங்காளி உண்டு. இந்த ஊரில் நேரம் தவறாமல் வேலைக்கு வருகிற ஒரே ஆள் மத்தியான மழைதான். முதல் நாள் கிருஷ்ணம்மாள் ஓடிப்போய்ப் பாதியை எடுத்தாள். இரண்டாம் நாள் கமலநாதனும் சேர்ந்து ஓடினார். மூன்றாம் நாள் கட்டடமே சலவை இயந்திரம் போல ஆனது. ஈரத்தின் மேலேயே இஸ்திரியைத் தேய்த்து, ஆவி பறக்க மடித்து, ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். மடிப்பு அருமையாக இருந்தது. வாசனைதான் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி இருந்தது.

அப்துல் காதர் தொலைபேசியில் அழைத்தார். நண்பர் அல்லவா, முதலில் குடும்பத்தையெல்லாம் விசாரித்தார். பிறகு, "விரிப்பு கொஞ்சம் ஈரமா இருக்குப்பா," என்றார்.

"கார்பன் காலம் காதர். எல்லாரும் கொஞ்சம் தியாகம் பண்ணித்தான் ஆகணும்."

"தியாகம் நீ பண்ணு. காசு குடுத்துத் தங்க வர்ற கெஸ்ட்டு எதுக்குப்பா ஈரத்துல படுத்துத் தியாகம் பண்ணணும்?"

கமலநாதன் மனம் நொந்துபோனார். உலகம் தன் துன்பத்தைப் புரிந்துகொள்ளவில்லையே என்ற நோவு. அந்த நோவோடு முடிவெட்டப் போனார். வேலை முடிந்து கண்ணாடியில் பிடரியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியபோது, முடிவெட்டுகிற குரு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காசு கேட்டான்.

"என்ன குரு, முடியா கூடிருச்சு? இருக்கறதே கொஞ்சம்."

"கார்பன்ணே."

"முடிவெட்டறதுல என்னடா கார்பன்?"

"மெஷின் கரண்டுலதானே ஓடுது. அதுவும் போக, ஒங்க கடையில துண்டு தொவைக்கப் போட்டேன், கார்பன்னு சொல்லி ஏத்திட்டீங்க. அத நான் எங்க போய்ப் போடறது? ஒங்க தலையிலதான்."

கமலநாதன் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் குமுறினார்: "இன்னும் வராத வரியைச் சாக்கா வெச்சு இப்பவே ஏத்துறானுங்கலா! மனசாட்சியே கிடையாது!"

கடைசியாகத் தன் கடை வாசலில் நின்றும் சொன்னார். அறிவிப்பு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குமுதாவின் தம்பி லோகன் வீட்டில் மதியச் சாப்பாடு. கிள்ளானில் வீடு. லோகன் கடற்கரைப் பக்கத்து நிலக்கரி மின்நிலையம் ஒன்றில் கொதிகலன் பிரிவில் இருந்தான். அதிகம் பேசாதவன். அவன் மனைவி ஷாமினி பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். கமலநாதன் இலை முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். விரிப்பு, மழை, காதரின் நன்றிகெட்டதனம், குருவின் பகல்கொள்ளை, எதிர்காலத்தில் துணி துவைக்க ஆற்றுக்குப் போக வேண்டிய நிலைமை, அந்த ஆற்றுக்கும் கட்டணம் வைக்கப்போகிறவர்கள் என்று, ரசம் வரும்வரைக்கும் மூச்சு விடவில்லை.

"நீ கரண்டு தயாரிக்கிற பக்கம் இருக்க லோகா, ஒனக்குத் தெரியாது. இதுல அடிபடறது நாங்கதான். உள்ளுக்குள்ள எரியுது எனக்கு."

லோகன், "சோறு போட்டுக்குங்க அத்தான்," என்றான்.

ஷாமினி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டாள். சத்தம் கேட்டது. "அண்ணே, பவர் ஸ்டேஷன்ல யூனிட்ட நிறுத்தப் போறாங்க."

"எதைம்மா?"

"பழைய யூனிட்ட எல்லாம் மூடறாங்க. இவரு இருக்கறதும் அதுலதான். வடக்க கெடாவுல சோலார் ஸ்டேஷன்ல வேலை ஒண்ணு இருக்காம், மறுபடியும் படிச்சுட்டு அங்க போகணும். இல்லன்னா குடுக்கறத வாங்கிக்கிட்டு வீட்டுல உக்காரணும். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து பாத்த வேலை."

குமுதா சாப்பிட்ட கையோடு தம்பியைப் பார்த்தாள். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வரச்சொன்னேன்க்கா. அத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க."

ஒரு நண்டுக்காலை உடைத்து உறிஞ்சுகிற நேரம் கமலநாதன் வாயடைத்து இருந்தார் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அவருக்கு லோகன் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. ஆனால் பழக்கம் பிரியத்தைவிடப் பலசாலி. கையைக் கழுவிவிட்டு வந்து சோபாவில் சரிந்தார். "ஐயோ லோகா! இனிமே நான் எப்படிடா தூங்குவேன்? எனக்கு ஏன் இப்படியெல்லாம் வந்து சேருது?" லோகன் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். ஷாமினி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். நோயாளியைப் பார்க்கப்போய் நோயாளியின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வது இந்த இனத்துக்குக் கைவந்த கலை.

அடுத்த வாரம் முழுக்க பிரிக்பீல்ட்ஸ் அவருக்கு ஆறுதல் சொன்னது. "மச்சானுக்கு வேலை போகுதுப்பா, என்னால சாப்பிட முடியல," என்று அவர் சொல்லச் சொல்ல, பலகாரக் கடைக்காரர் இரண்டு வடையைச் சும்மா கொடுத்தார். குரு நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துவிட்டான்; கார்பன் கட்டணம் கேட்கவில்லை. எல்லோரும் கமலநாதனின் உடம்பை விசாரித்தார்கள். லோகனின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹோட்டல் வேன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்துல் காதர் காலை மேசையில் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "செந்தூல் பக்கம் ஒரு டோபிக்குக் குடுத்துட்டேன் கமலநாதன். நீ எனக்கு எப்பவும் வேண்டியவன்தான். ஆனா பழக்கம் வேற, படுக்கை விரிப்பு வேற."

கடைக்குத் திரும்பியபோது இயந்திரங்கள் பாதிக்குமேல் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன. கிருஷ்ணம்மாள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காமல் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். "அண்ணே, நாளைக்கு நான் வரணுமா, வேணாமா?"

அழுது தொலைக்கலாம் என்று பார்த்தால் கமலநாதனுக்கு அழுகை வரவில்லை. உண்மையான அடி கடைசியில் வந்து சேர்ந்தபோது, அதற்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் எல்லாக் கண்ணீரையும் வராத அடிகளுக்கே செலவழித்திருந்தார். கடையின் பின்பக்கம் போய், கொடியில் கிடந்த யாருடைய லுங்கியையோ எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். குமுதா அதைப் பார்த்துவிட்டு, கிருஷ்ணம்மாளிடம், "நீங்க வாங்க அக்கா," என்றாள்.

லோகன் கெடாவுக்குப் புறப்படுகிற நாளில் இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். ஷாமினி முன்னேற்பாடாகக் கண்ணீர் துடைக்கும் மெல்லிழைத்தாள் பெட்டியைக் கமலநாதன் உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் உட்காரவே இல்லை. பையையும் சோறாக்கும் பானையையும் தலையணையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து காரின் பின்னால் அடுக்கினார். பிள்ளைகளும் ஷாமினியும் பள்ளி வருடம் முடிந்துதான் போவதாக ஏற்பாடு. பின்கதவை மூடியபோது லோகன் மட்டும் பக்கத்தில் நின்றான். அதுவரை யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கமலநாதன் கேட்டார்.

"லோகா, ஒனக்குப் பயமா இல்லையா?"

"பயம்தான் அத்தான். ட்ரெய்னிங்ல பக்கத்துல உக்கார்றவனெல்லாம் நேத்துப் பொறந்தவன். நெருப்ப மட்டும்தான் எனக்குத் தெரியும், இனிமே வெயிலப் படிக்கணும்." சாவியை விரலில் சுற்றினான். "ஆனா ஒண்ணு. வீட்டுல இருக்கற பயத்த நாலு பேரு பிரிச்சுக்கலாம். நீங்க மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எங்களுக்கு மிச்சமே வெக்கல." சிரித்தான்.

சிரித்துக்கொண்டே சொன்னது நன்றியா, திட்டா? திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்கக் கமலநாதன் அதை யோசித்துக்கொண்டே வந்தார். நெரிசல் அதிகம், யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. சுங்கை வே தாண்டும்போது, "திட்டுதான்," என்றார் திடீரென்று.

"ஆமா," என்றாள் குமுதா.

கடைக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி அறிவிப்பை எடுத்தார். டிரையர்களை ஓடவிட்டார். தன் வீட்டு விரிப்பையே துவைத்து, உலர்த்தி, சூடு ஆறுமுன் கையில் எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்தார். அப்துல் காதர் வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து, விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கே."

"டிரையர்."

"அப்போ கார்பன்?"

"வர்றப்போ நானே ஒன்கிட்ட வந்து சொல்றேன். எவ்ளோன்னு பில்லையும் காட்டறேன். அதுவரைக்கும் பழைய வெலைதான்."

அப்துல் காதர் கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தார். "துண்டு மட்டும் அனுப்பறேன். விரிப்புக்குச் செந்தூல்காரன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்." பாதி நட்பு பாதி வியாபாரமாகத் திரும்பி வந்தது. அது கிருஷ்ணம்மாளின் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

மின்கட்டணமும் பிறகொருநாள் மாறத்தான் செய்தது. புதுப் பில் வந்தபோது கமலநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். உயர்ந்திருந்தது. அவர் அறிவிப்பில் ஏற்றியதைவிடக் குறைவாக உயர்ந்திருந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"இவ்வளவுதானா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்பதைக் குமுதா இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வாள்.

லோகன் கெடாவில் சோலார் பலகைகளுக்கு நடுவே கறுத்துக்கொண்டிருக்கிறான். தொலைபேசியில் முன்பைவிட அதிகம் பேசுகிறான். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க அத்தான் பழகிவருகிறார். திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். போன வாரம் மாமாக் கடையில் கரண்டை விழுங்குகிற டேட்டா சென்டர்களைப் பற்றிச் செய்தி ஓடியது. கமலநாதனின் குவளை பாதியில் நின்றது, உதடு, "இனிமே நம்மளால..." வரைக்கும் போனது. அப்துல் காதர் நிமிர்ந்து பார்த்தார். கமலநாதன் தே தாரிக்கை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்துபோனார்.

இதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று சாய்ந்து உட்காருகிறீர்கள். நல்லது. நீங்கள் அந்த இனமில்லை என்பதில் சந்தேகமே இல்லை. கார்பன் வரி என்ற சொல்லைப் படித்ததும், தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த அறை விளக்கை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தீர்களே, அது சும்மா கழுத்து வலிதான், இல்லையா?